கம்பியைக் காணாத கண்கள்

மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் காகங்களை மின்சாரம் ஏன் தாக்குவதில்லை? உயர்நிலைப் பள்ளி இயற்பியல் வகுப்பில் எப்படியும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். விடை எளிதுதான். உடல் வழியாக மின்சாரம் பாய வேண்டுமானால் மின்னழுத்த வேறுபாடு இருக்க வேண்டும். இரண்டு கால்களையும் ஒரே கம்பியில் ஊன்றி நிற்கும் பறவைக்கு அந்த வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். அதனால் காகம் கவலையின்றி அமர்ந்திருக்கிறது.

பெரும்பாலும் அந்த விடையோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் காகத்துக்குப் பதிலாக, சிறகை விரித்தால் இரண்டு மீட்டர் நீளம் வரும் கழுகு ஒன்று அங்கே இறங்கினால் என்ன ஆகும்? 15 கிலோ வரை எடையுள்ள ஒரு பறவை, கம்பி இருப்பதே தெரியாமல் அதை நோக்கிப் பறந்து வந்தால் என்ன ஆகும்? இந்த இரு கேள்விகளும் உலகின் பல மின் நிறுவனங்களை அரை நூற்றாண்டாக யோசிக்க வைத்திருக்கின்றன. இந்தியாவில் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இரண்டு வகை ஆபத்து

முதலாவது, மின்சாரம் தாக்குவது. பறவையின் உடல் ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டாலோ, ஒரு கம்பியையும் மண்ணோடு இணைக்கப்பட்ட உலோகப் பகுதியையும் தொட்டாலோ மின்சுற்று முழுமையடைந்துவிடும். ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சிறிய கம்பங்களில்தான் இது அதிகம் நடக்கிறது. அவற்றில் கம்பிகள் நெருக்கமாக இருப்பதே காரணம். இறகுகள் ஈரமாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இரண்டாவது, மோதல். இது பெரும்பாலும் உயர்ந்த கோபுரங்களுக்கு இடையே செல்லும் கம்பிகளில் நடக்கிறது. அந்தக் கோபுரங்களின் உச்சியில் மின்னல் தாக்காமல் காக்க மெல்லிய கம்பி ஒன்று கட்டப்பட்டிருக்கும். தடித்த மின்கம்பிகளைக் கடைசி நொடியில் பார்த்து மேலே எழும்பும் பறவை, கண்ணுக்குப் புலப்படாத இந்த மெல்லிய கம்பியில் மோதிவிடுகிறது.

இரண்டும் உயிரைப் பறிப்பவை என்றாலும் இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை. முதலாவதைத் தீர்க்கப் பறவையின் உடலளவு தெரிய வேண்டும். இரண்டாவதைத் தீர்க்க அதன் கண் எதைப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

கழுகிடம் கேட்டுக் கட்டிய கம்பம்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ மாநிலங்களில் கழுகுகள் பெருமளவில் இறந்தது கவலையை எழுப்பியது. பல கழுகுகள் சுட்டும் நஞ்சு வைத்தும் கொல்லப்பட்டிருந்தன. விசாரித்துப் பார்த்தபோது மின்சாரம் தாக்கி இறந்தவையும் பல எனத் தெரியவந்தது. மரங்கள் அதிகமில்லாத சமவெளியில் இரை தேடும் கழுகுக்கு மின்கம்பம்தான் உயரமான மரம். அதில் அமராதே என்று அதனிடம் சொல்லவும் முடியாது.

பக்கத்து மாநிலத்தில் இயங்கிய ஐடஹோ பவர் நிறுவனம், வேட்டைப் பறவைகளைப் பழக்குவதில் கைதேர்ந்த மோர்லன் நெல்சன் என்பவரின் உதவியை நாடியது. மின்சாரம் பாயாத மாதிரிக் கம்பங்களில் பழக்கப்பட்ட கழுகுகளை இறங்கவிட்டுப் படம்பிடித்தார்கள். கழுகு எங்கே கால் வைக்கிறது, இறங்கும்போது சிறகை எவ்வளவு விரிக்கிறது என்பதையெல்லாம் அந்தப் படங்கள் காட்டின. அதற்கேற்பக் கம்பத்தின் வடிவம் மாற்றப்பட்டது.

இத்தகைய அனுபவங்களைத் தொகுத்து 1975ஆம் ஆண்டில் மின் நிறுவனங்களுக்கான முதல் வழிகாட்டி வெளிவந்தது. கம்பிகளுக்கு இடையே பக்கவாட்டில் சுமார் 150 சென்டிமீட்டர், மேலும் கீழுமாகச் சுமார் 100 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பின்னர் அங்கு பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பெரிய கழுகு சிறகை விரித்தாலும் இரு கம்பிகளை ஒருசேரத் தொடாதபடி கணக்கிடப்பட்ட அளவு அது.

இடைவெளியைக் கூட்ட முடியாத பழைய கம்பங்களுக்கும் வழி உண்டு. கம்பி, மின்மாற்றி முனை போன்ற ஆபத்தான பகுதிகளை மின்காப்பு உறையால் மூடலாம். ஆபத்தான இடத்துக்கு மேலே பறவை அமர்வதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றைப் பொருத்தலாம்.

செலவு அதிகமில்லை என்றாலும் எல்லா நிறுவனங்களும் தாமாக முன்வரவில்லை. 1999ஆம் ஆண்டில் கொலராடோவில் மூன் லேக் எலக்ட்ரிக் என்ற மின் கூட்டுறவு நிறுவனம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது. அதன் கம்பங்களில் 12 பொன்னிறக் கழுகுகள் உள்ளிட்ட 17 பறவைகள் இறந்திருந்தன. பாதுகாப்புச் சாதனங்களைப் பொருத்தத் தவறியதற்காக அந்நிறுவனத்துக்கு அபராதமும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. பறவைகளின் சாவு வெறும் தற்செயல் அல்ல, தடுத்திருக்கக்கூடிய ஒன்று என்பதை மற்ற நிறுவனங்களுக்கும் அந்த வழக்கு உணர்த்தியது.

வானத்தைப் பார்க்காமல் பறப்பவை

மின்சாரம் தாக்குவதை அளவுகோலும் காப்புறையும் கொண்டு பெருமளவு தடுக்கலாம். மோதல் அப்படியல்ல. அவ்வளவு பெரிய கோபுரமும் கம்பிகளும் பறவைக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நமக்குத் தோன்றும். நம் கண்கள் முகத்தின் முன்பக்கம் இருப்பதால் வரும் எண்ணம் அது.

பல பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நேர் முன்னால் தெரியும் பகுதியோ குறுகியது. கிரஹாம் மார்ட்டின், ஜெசிக்கா ஷா ஆகிய ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் சில பெரிய பறவைகளின் பார்வைப் பரப்பை அளந்தனர். ஆப்பிரிக்காவின் கோரி பஸ்டர்ட் பறவை தலையை 25 பாகை கீழே சாய்த்தால் போதும், தான் பறக்கும் திசை அதற்குத் தெரியாமல் போய்விடும். நீலக் கொக்குக்கு அந்த அளவு 35 பாகை.

இவை பறந்துகொண்டே தரையில் இரையையும் கூட்டத்தையும் இறங்குமிடத்தையும் தேடுபவை. கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி கார் ஓட்டுபவரை நாம் குறைசொல்லலாம். பறவையைச் சொல்ல முடியாது. மனிதன் கம்பி கட்டும்வரை அந்த உயரத்தில் அதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை.

கம்பியைக் கண்ணில் படவைக்க மின் நிறுவனங்கள் கையாளும் வழி, அதில் அடையாளச் சாதனங்களைத் தொங்கவிடுவது. காற்றில் அசையும் வட்டத் தகடுகள், கம்பியைச் சுற்றிய சுருள்கள், வெளிச்சத்தைப் பிரதிபலிப்பவை எனப் பல வகை உண்டு.

அவை பலன் தருகின்றனவா? தென்னாப்பிரிக்காவில் எஸ்காம் மின் நிறுவனமும் அழிந்துவரும் உயிரினங்களுக்கான அறக்கட்டளை ஒன்றும் 1996 முதல் இணைந்து செயல்படுகின்றன. அந்நாட்டின் காரூ வறள்நிலத்தில் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவுகள் 2021ஆம் ஆண்டில் வெளியாயின. அடையாளமிட்ட கம்பிகளில் நீலக் கொக்குகளின் மோதல் 92 விழுக்காடு குறைந்தது. பெரிய பறவைகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 51 விழுக்காடு குறைவு. ஆனால் பஸ்டர்ட் இனப் பறவைகளுக்கு எந்தப் பலனும் தென்படவில்லை.

ஒரு பறவையைக் காத்த அதே தகடு இன்னொன்றைக் காக்கவில்லை. முன்னால் பார்க்காத பறவைக்கு முன்னால் எதைத் தொங்கவிட்டு என்ன பயன் என்ற கேள்வியை அந்த முடிவு எழுப்பியது. உலகிலேயே மிக அரிதான பறவைகளுள் ஒன்று பஸ்டர்ட் இனத்தைச் சேர்ந்தது என்பதால் அக்கேள்வி இந்தியாவுக்கும் பொருந்துகிறது.

கானமயிலின் கணக்கு

அந்தப் பறவைக்குத் தமிழில் கானமயில் என்று பெயர். ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவைக்குச் சுமார் 15 கிலோ வரை எடை. ஒருகாலத்தில் பஞ்சாப் முதல் தமிழ்நாட்டின் வறண்ட புல்வெளிகள் வரை வாழ்ந்தது. இன்று ஏறக்குறைய 150 பறவைகளே எஞ்சியுள்ளன எனக் கணிக்கப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மர் வட்டாரத்தில் உள்ளன. பெண் பறவை வழக்கமாக ஒரு முறைக்கு ஒரு முட்டைதான் இடும்.

தார் பாலைவனத்தில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி இறப்பதாக இந்திய வனவிலங்குக் கழகம் மதிப்பிட்டது. 150இல் 18! ஒற்றை முட்டையிடும் பறவையால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

இதில் நெருடலான ஒன்று உண்டு. வெயிலும் காற்றும் நிறைந்த அதே வட்டாரம்தான் இந்தியாவின் சூரியசக்திக்கும் காற்றாலைக்கும் ஏற்ற இடம். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாம் வரவேற்கும் பசுமை மின்சாரத்தை நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பிகள்தான் கானமயிலின் வானத்தைக் குறுக்கே கிழிக்கின்றன.

வனவிலங்குப் பாதுகாப்பில் நீண்ட அனுபவம் கொண்ட எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரல் 19ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கானமயில் வாழும் பகுதிகளில் சாத்தியமான இடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுசெல்ல வேண்டும், அதுவரை அடையாளச் சாதனங்களைப் பொருத்த வேண்டும் என்றது அந்த உத்தரவு.

அது ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தொட்டது. அவ்வளவு பெரிய பரப்பில் உயரழுத்தக் கம்பிகளைப் புதைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, சூரியசக்தித் திட்டங்கள் முடங்கும் என்று அரசாங்கம் வாதிட்டது. 2024 மார்ச் 21ஆம் தேதி நீதிமன்றம் தன் பொதுவான உத்தரவைத் திரும்பப் பெற்று, எங்கே எது சாத்தியம் என்று ஆராய வல்லுநர் குழுவை அமைத்தது.

புதைப்பது ஏன் எளிதல்ல?

கம்பியை மண்ணில் புதைத்தால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். மேலே செல்லும் கம்பிக்குக் காற்றே மின்காப்பு, காற்றே குளிரூட்டி. இரண்டும் இலவசம். மண்ணுக்கடியில் செல்லும் கேபிளுக்கோ தடித்த காப்புறை வேண்டும். வெப்பம் எளிதில் வெளியேறாது. பழுது ஏற்பட்டால் இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்ட வேண்டும். மேலும், நீளமான உயரழுத்தக் கேபிள் ஒரு பெரிய கெப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும். கேபிளின் திறனில் ஒரு பகுதி அதைத் தொடர்ந்து மின்னேற்றம் செய்வதிலேயே செலவாகிவிடும். மின்னழுத்தமும் தூரமும் கூடக்கூட இந்தச் சிக்கலும் செலவும் கூடும்.

குறைந்த அழுத்தத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. இந்திய மத்திய மின்சார ஆணையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகள் இந்த வேறுபாட்டைப் பின்பற்றின. கானமயில் வாழும் பகுதிகளில் 33 கிலோவோல்ட்டும் அதற்குக் குறைந்தவையும் மண்ணுக்கடியில் செல்ல வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றில் அடையாளச் சாதனங்கள் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஆனால் காரூ சோதனையை நினைவில் வைத்துப் பார்த்தால், அடையாளச் சாதனங்களை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பது விளங்கும்.

எஞ்சியிருப்பது பாதைதான். பறவைகள் முட்டையிடும் இடம், இரைதேடும் இடம், அவற்றுக்கு இடையே பறக்கும் வழி ஆகியவற்றை முதலில் கண்டறிந்து, கம்பியை அங்கிருந்து விலக்கி இழுப்பது. பல கம்பிகளை ஒரே தடத்தில் கொண்டுசெல்வது. கோபுரம் எழும்பிய பிறகு இதைச் செய்யப் பெருஞ்செலவாகும். வரைபடத்தில் கோடாக இருக்கும்போது கோட்டை நகர்த்த அவ்வளவு செலவாகாது.

நமக்கென்ன?

சிங்கப்பூரில் மின்கம்பிகள் பெரும்பாலும் நம் காலடியில், மண்ணுக்குள் செல்கின்றன. சின்னஞ்சிறு நாட்டில் தூரம் குறைவு, இடமும் அரிது என்பதால் நமக்கு அது பொருந்தியது. சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு ஆண்டுதோறும் வரும் வலசைப் பறவைகளுக்கும் அது நல்லதுதான்.

ஆனால் நாம் பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் இங்கேயே பிறப்பதில்லை. 2022 ஜூனில் லாவோஸ் நாட்டின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக நமக்கு வரத் தொடங்கியது. 2035ஆம் ஆண்டுக்குள் சுமார் 6 கிகாவாட் கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளிநாடுகளிலிருந்து பெறுவது சிங்கப்பூரின் இலக்கு. வட்டார மின்கட்டமைப்பு விரிவடையும்போது காடு, வயல், சதுப்புநிலம் எனப் பல நிலங்களின் மேல் புதிய கம்பிகள் செல்லும். நம் வீட்டு விளக்குக்கான கம்பி இன்னொரு நாட்டுப் பறவையின் வானத்தில் இருக்கலாம்.

என் வயதையொத்த பலர் பொறியியல், சுற்றுச்சூழல், சட்டம், நிதித் துறைகளில் படிக்கிறார்கள். அந்தப் பாதைகளை வரையும், மதிப்பிடும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் மேசைகளில் நாளை அவர்கள் அமரக்கூடும். ஒரு மின்திட்டம் பசுமையானதா என்று கேட்கும்போது அது எவ்வளவு கரிமத்தைக் குறைக்கிறது என்பதோடு, கம்பி எந்த வழியாகச் செல்கிறது, அங்கே என்னென்ன பறக்கின்றன என்றும் அவர்கள் கேட்க வேண்டும். அதுவும் கோபுரங்களுக்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.