ஒரு படி மல்லாட்டையும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் ஒலக்கூர். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். மணிலாக்கொட்டை என்பது பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. நிலக்கடலை ரகங்களில் ‘டிஎம்வி’ என்ற மூன்றெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது திண்டிவனத்தின் சுருக்கம். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, புள்ளியியல் பாடத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையின் மின்விளக்குகளுக்குச் சராசரி ஆயுள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. உயர்நிலை வகுப்புகளுக்குப் படைப்பூக்கமான செயல்பாடுகள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் செயல்பாடு என்றதும் நம் மனதில் வருவது சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஒன்றும் பின்தங்கிய மாநிலம் இல்லை. தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல், நடுநிலையில் மனவரைபடத்தோடு கூடிய படைப்பாற்றல் கல்வி என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுவருகிறோம். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் நீண்டது. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், அதில் பாதி செயல்பாடுகளுக்கு என்று வைத்தார்கள். எண்ணம் நல்லது. நடைமுறையில் பல இடங்களில் என்ன ஆனது என்பது பெற்றோருக்குத் தெரியும். ஸ்டேஷனரி கடையில் ‘புராஜெக்ட்’ என்று கேட்டாலே படங்கள் கிடைத்தன. அப்பா வெட்ட, அக்கா ஒட்ட, பிள்ளை பெயர் எழுதிக் கொடுத்தது. ஆசிரியருக்கோ பதிவேடு நிரப்பும் வேலை. இதற்கு ஆசிரியரின் சோம்பலையோ பிள்ளையின் அக்கறையின்மையையோ காரணம் சொல்வது சுலபம், ஆனால் தவறு. எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி விடை வரக்கூடிய வேலையைக் கொடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் வைத்தால் கடைக்காரர் அதைச் செய்து விற்கத்தான் செய்வார். கடையில் வாங்க முடியாத வேலையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, விடை அந்த வகுப்பறையில், அந்த ஊரில் மட்டுமே கிடைப்பதாக இருப்பது.

மல்லாட்டைக்கே வருவோம். வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருபது காய் கொடுத்து, உடைத்து ஒவ்வொரு காயிலும் எத்தனை பருப்பு என்று எண்ணச் சொல்லலாம். ஒரு குழுவுக்கு 34 பருப்பு வந்தால் சராசரி 1.7. பக்கத்துக் குழுவுக்கு 1.9 வரும். ஒரே சாக்கு, ஒரே நிலம். பின் ஏன் வித்தியாசம்? புள்ளியியலின் உயிர்நாடியான கேள்வி இது, அதைப் பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். எட்டுக் குழுவின் எண்களையும் பலகையில் சேர்த்து எழுதினால் முகடு எதற்கு, இடைநிலை எதற்கு, பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கம் எதற்கு என்பது விளங்கும். மல்லாட்டைச் செடியை வேர்முடிச்சோடு கொண்டுவந்தால் அறிவியல் ஆசிரியருக்கு நைட்ரஜன் நிலைநிறுத்தம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்துகொண்டு நம் ஊருக்கு வந்தது எப்படி என்று கேட்டால் சமூக அறிவியல். இப்படி ஒரே செயல்பாட்டைப் பாடத்துக்குப் பாடம் மாற்றிப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று, முக்கோணவியலில் வரும் உயரமும் தொலைவும். பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, நூல், நூல்முனையில் சிறு கல் இருந்தால் சாய்வுமானி தயார். பள்ளி வாசலில் நிற்கும் பனைமரத்தை ஒரு குழு 12 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறது. ஏற்றக்கோணம் 45 பாகை. கண்மட்ட உயரம் 1.4 மீட்டரைக் கூட்டினால் 13.4. இன்னொரு குழு 20 மீட்டரில் நிற்கிறது. கோணம் 30 பாகை, உயரம் 12.9 வருகிறது. மரம் ஒன்றுதான், அரை மீட்டர் எங்கே போனது? நூல் ஆடியதா, அடிமரம் வரை சரியாக அளக்கவில்லையா? கண்மட்டத்தைக் கூட்ட மறந்த மூன்றாவது குழு இன்னும் குட்டையான பனையைக் கொண்டுவரும். இந்த வாக்குவாதம்தான் பாடம். எட்டாம் வகுப்புக்கு இதையே நிழலை அளந்து ஒத்த முக்கோணமாகச் செய்யலாம். பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகில் வரும் அளவீட்டுப் பிழைகளுக்கும் இந்தப் பனை போதும்.

‘பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது, இதற்கெல்லாம் ஏது நேரம்?’ என்பது வலுவான மறுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் திட்டம் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், அவர்கள் பாடத்தோடு தேர்வையும் மாற்றினார்கள்; புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. 2002இல் அரசே அதை நிறுத்திவிட்டது. நம் ஆசிரியர் கையில் தேர்வை மாற்றும் அதிகாரம் இல்லை. ஆனால் மேல்நிலை வகுப்புகளுக்கு ‘ப்ளூ பிரிண்ட்’ 2017-18இல் ஒழிந்த பிறகு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று கணக்குப்போட்டுப் படிக்கும் வழி அடைபட்டுவிட்டது. பத்தாம் வகுப்பிலேயே யோசித்துப் பழகியவருக்கு அங்கே பயமில்லை. தவிர, வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதுவும் 40 நிமிடம் போதும். தினமும் கேட்கவில்லை.

அடுத்த மறுப்பு ஆராய்ச்சியாளர்களிடமிருந்து வருவது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை, புதிதாகக் கற்பவரை வழிகாட்டாமல் ‘நீயே கண்டுபிடி’ என்று விட்டால் கற்றல் சரியாக நடக்காது என்று வாதிட்டது. சரியான வாதம் என்றே நினைக்கிறேன். முக்கோணவியலில் டேன் (tan) என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை பனைமரத்தடியில் நின்றால் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வரும். ஆசிரியர் முதலில் பாடம் நடத்த வேண்டும், இரண்டு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், பிறகே வெளியே. செயல்பாட்டைக் காட்டி ஆசிரியரை ஓரங்கட்டியதுதான் நாம் பல திட்டங்களில் செய்த பிழை.

பிள்ளைகளே இதை ‘பாடம் நடத்தாத நேரம்’ என்று நினைப்பார்களே என்பது உண்மை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளை வைத்து 2019இல் வெளியான ஆய்விலும், செயல்பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள்; ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் உணர்ந்தார்கள். அது கல்லூரி, நம்முடையது அரசுப் பள்ளி. அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது ‘ஒன்றும் புரியவில்லை’ என்று தோன்றுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஏன் இதைச் செய்கிறோம் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: நாற்பது பேர் மல்லாட்டை உடைத்தால் சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் தலைமையாசிரியரும் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சில வாரங்களில் பிடுங்கலுக்கு வந்துவிடும். நாற்பது பேருக்கு ஒரு படி தாராளம். எண்ணி முடிக்கும்வரை யாரும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.