தலைகீழாய்த் தொங்கும் புழுக்கள்!

குட்டீஸ், மழை பெய்து ஓய்ந்த சில நாட்கள் கழித்து மொட்டைமாடியையோ, கொல்லைப்புறத்தையோ சுற்றிப் பாருங்கள். பழைய டயர், கொட்டாங்கச்சி, உடைந்த வாளி என எதிலாவது தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் சின்னஞ்சிறு புழுக்கள் நெளிந்து நெளிந்து நீந்தும். உங்கள் நிழல் பட்டதும், 'விசுக்'கென அடியில் போய் ஒளிந்து கொள்ளும். அவைதான் கொசுப்புழுக்கள்!

தண்ணீரில் வாழ்ந்தாலும், இவற்றுக்கு வெளிக்காற்று வேண்டும். பலவகைப் புழுக்களுக்கு வால் பக்கத்தில் ஒரு குட்டிக் குழாய் உண்டு. அதன் நுனியை நீர்மட்டத்தில் வைத்து, தலைகீழாகத் தொங்கியபடி மூச்சு விடும். வாயில் உள்ள தூரிகை போன்ற முடிகளால் பாசி, பாக்டீரியா, மட்கிய துகள்களை வாரி வாரித் தின்னும். 4 பருவங்கள் வளர்ந்தபின், காற்புள்ளி வடிவக் கூட்டுப்புழுவாக மாறும். அப்போது சாப்பாடே கிடையாது! ஓரிரு நாளில் முதுகு பிளந்து கொசு வெளியே வரும். நம் ஊர் வெயிலில், முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்களே போதும்.

எல்லாக் கொசுவும் சாக்கடையில்தான் பிறக்கிறது என்று நினைக்கிறீர்களா? இல்லை! ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் உண்டு.

சாக்கடையும், கூவம் போன்ற அழுக்கு நீரும் கியூலெக்ஸ் கொசுவுக்குப் பிடிக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை ஒட்டவைத்து, தெப்பம் போல மிதக்க விடும். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுதான்.

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, கிணறு, மாடித் தொட்டி போன்ற நல்ல தண்ணீரைத் தேடிப் போகும். இதன் புழுவுக்கு மூச்சுக்குழாய் இல்லாததால், நீர்மட்டத்தில் படுத்துக் கிடக்கும். இந்தக் கொசு 2012ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும், 2016ல் எத்தியோப்பியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நகரத் தொட்டிகளில் வளரும் கொசு என்பதால், அங்கே நகரங்களிலும் மலேரியா பரவுமோ என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள்.

டெங்கு, சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு எல்லாம் இதற்கு வீடு. பகலில்தான் கடிக்கும். முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் காய்ந்துபோனாலும், பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். மறுபடி நீர் பட்டால் பொரிந்துவிடும்!

குளத்தில் பிறக்கும் புழுக்களுக்கு எதிரிகள் அதிகம். மீன், நீர்ப்பூச்சி, தும்பியின் குஞ்சு எல்லாம் அவற்றைப் பிடித்துத் தின்னும். டயரிலும், டிரம்மிலும் எதிரியே இல்லை. நாம் அறியாமல் கட்டிக் கொடுத்த பத்திரமான கோட்டை அது! கிணறுகளில் கம்பூசியா, கப்பி மீன்களை விடுவது இதனால்தான். ஆனால், அவற்றை ஏரி, குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். கம்பூசியா, தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும்.

அப்படியானால், தண்ணீரே பிடித்து வைக்கக் கூடாதா? குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் அது நடக்குமா? பிடித்து வைக்கலாம், மூடி வைக்க வேண்டும். மூடி இல்லையென்றால், பழைய வேட்டியைப் போர்த்தி இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலி செய்து, உள்சுவரை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்டினால் புழு போகும். தேய்த்தால்தான் முட்டை போகும்!

புழு கொசுவாவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். அதனால்தான் வாரம் ஒருநாள் என்ற கணக்கு. இந்த ஞாயிறு உங்கள் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உயரத்தில் உள்ள தொட்டியை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்!