தைராய்டு மாத்திரையும் பொறுமையும்

தைராய்டு சுரப்பு குன்றியோர்க்கு மருத்துவர் தருவது தைராக்சின் மாத்திரை. மந்தகதிக்குப் பழகிய உடலை இம்மருந்து விரைவுபடுத்துவதால், தொடக்கத்தில் சிலருக்குப் படபடப்பு, கைநடுக்கம், உறக்கமின்மை தோன்றலாம். அஞ்சி மருந்தை நாமே நிறுத்திவிடுதல் பிழை. அளவு மிகுந்ததன் அறிகுறியாகவும் அவை இருக்கக்கூடுமாதலின், வாளாவிருத்தலும் பிழை. மருத்துவரிடம் உரைத்தலே முறை. முதியோர்க்கும் இதயநோயாளர்க்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்குவது இதன்பொருட்டே. மார்பு வலித்தால் உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

குருதியில் மருந்து நிலைபெற ஏறத்தாழ 6 வாரங்களாகும். அதுவரை பொறுமை தேவை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரும் உணவும் கொள்ளலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரமலானில் நோன்பு நோற்போர், ஸஹர் உணவுக்கு முன்போ உறங்கப்போகும் வேளையிலோ உட்கொள்வது குறித்து மருத்துவரை முன்னரே கேட்டறிதல் நலம். உடல் இறைவன் நமக்களித்த அமானிதம். அதனைப் பேணுதல் நம் கடமை.