எச்சிலில் வரும் குடியேறிகள்

டெல்டாவின் பூதலூர்ப் பக்கத்துக் களங்களில் சம்பா அறுவடைக்குப் பின் போர் போடும் வைக்கோலைத் தானாகச் செரிக்கும் திறன் எந்த மாட்டுக்கும் பிறவியில் கிடையாது. ரூமன் எனப்படும் முதல் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, புரோட்டோசோவா ஆகியவைதான் அதைச் சிதைக்கின்றன. பிறந்த கன்றுக்கு அந்த வயிறு ஏறக்குறைய வெறுமை. குடிவருவோர் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பாக்டீரியாக்களுக்குப் பொதுவாகச் சிரமமில்லை. தாயின் நாக்கு, மடி, தொட்டித் தண்ணீர், தொழுவப் புழுதி என்று எதில் ஒட்டிக்கொண்டாவது சில நாட்களில் வந்துவிடும். சிலியேட் என்ற புரோட்டோசோவாக்களுக்கு அந்த வசதி இல்லை. 1843இல் பிரான்சில் குரூபியும் டெலாஃபோனும் இவற்றை முதலில் விவரித்தார்கள். ரூமன் நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், நுண்மயிர்களை அசைத்துச் சுழன்றோடி, மாவுத்துகளை முழுசாக விழுங்குவதைப் பார்க்கலாம். ஆனால் சூடும் ஈரமும் தப்பினால் சீக்கிரம் செத்துப்போகும். ஓடு போர்த்திக் காத்திருக்கத் தெரியாது. அசைபோடும் மாட்டின் எச்சில் பட்ட தீவனத்தில் கன்று உடனே வாய்வைத்தால்தான் இடம் மாற முடியும்.

அதனால், பிறந்ததும் பிரித்து, வேறு மாடு அண்டாமல் வளர்த்த கன்றுக்குச் சிலியேட் வருவதே இல்லை. 1930இல் அமெரிக்காவில் பெக்கரும் எவரெட்டும் சிலியேட் இல்லாமல் வளர்த்த செம்மறிக் குட்டிகள் மற்றவை போலவே வளர்ந்தன. சிலியேட் இல்லாவிட்டால் வயிற்றில் உண்டாகும் மீத்தேன்கூடக் குறையும். ஆனால் நார் செரிப்பதும் பொதுவாகக் குறைகிறது. வைக்கோலையே நம்பியிருக்கும் டெல்டா மாட்டுக்கு அது சின்ன இழப்பில்லை. தாயிழந்த கன்றைப் புட்டிப்பாலில் வளர்ப்பவர்கள், அது தீனி கடிக்கத் தொடங்கியதும் நோயில்லாத பெரிய மாட்டோடு சேர்த்துக் கட்டுவது நல்லது.

ஒரு பாக்டீரியா விஷயத்தில் இந்தத் தனிமை ஒரு நாட்டின் மந்தைகளுக்கே நேர்ந்ததாகக் கருதப்பட்டதும் உண்டு. நம் வேலியோரச் சவுண்டல், அதாவது சூபாபுல், தழையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதை மிகுதியாக மேய்ந்த மாடுகளுக்கு மயிர் கொட்டியது, தைராய்டு வீங்கியது. ஹவாய் ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. அவற்றின் வயிற்றில் இருந்த ஒரு பாக்டீரியா, மைமோசினிலிருந்து உண்டாகும் நச்சை உடைத்துவந்தது. ஆஸ்திரேலிய மந்தைகளுக்கு அது வந்து சேரவில்லை என்று அப்போது கருதினார்கள். 1980களில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் அவர் குழுவும் ஹவாய் ஆட்டின் ரூமன் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து புகட்டியதும் நச்சுப்பாதிப்பு நின்றது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்குச் சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்று அவர் பெயரையே வைத்தார்கள். குவீன்ஸ்லாந்தில் அதை வளர்த்து மாடுகளுக்கு வாய்வழி ஊற்றுகிறார்கள். மந்தையில் சிலவற்றுக்கு ஊற்றினால் போதும். சேர்ந்து மேயும்போது மற்றவற்றுக்குத் தானே பரவுகிறது.