உங்களுக்குத் தெரியுமா? ஜன்னல் வலைக்குள் ஓர் உயிர்க்காவல்

● 1934-35இல் மழை பொய்த்து, மாஓயா போன்ற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தெளிந்த நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் கேகாலையும் ஒன்று.

● 1900இல் சம்போன், லோ என்ற மருத்துவர்கள் இத்தாலியின் மலேரியாச் சதுப்பு நிலத்தில், கதவு ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த மரக் குடிலில் மாதக்கணக்கில் தங்கினார்கள். பொழுது சாயுமுன் உள்ளே போய்விடுவார்கள். கொயினா மாத்திரை தொடாமலே காய்ச்சலின்றித் திரும்பினார்கள்.

● நுளம்பைத் தடுக்க, வலையின் கண் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள வலை போதும். நெருப்புக்குச்சி நுழையும் கிழிசல் இருந்தால் நுளம்பும் நுழையும். உடனே தைத்துவிடுங்கள்.

● 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் டெங்கு இன்னும் ஓயவில்லை; அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிக்கும். அந்தியில் மட்டும் ஜன்னலைச் சாத்துவது போதாது. லயக் காம்பராவின் ஒற்றை ஜன்னலுக்கு வலை அடித்தால் காற்றும் வரும், காவலும் கிடைக்கும்.

● வலை பாதி வேலை. இறப்பர் மலையில் வெட்டு இல்லாத நாட்களில், பால் சிரட்டையில் தேங்கும் ஒரு கை மழைநீரே டெங்கு நுளம்பு முட்டையிடப் போதும். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளைகளைக் காக்கும் எளிய வழி அது.