திருவொற்றியூரில் போன மணல் எண்ணூரில் ஏன் அடைக்கிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் அள்ளி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றி ஊருக்குள் திரும்பும். ஆண்டுதோறும் இந்தக் கெடு நெருங்கும்போது வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பமும் சேர்ந்தே வருகிறது. திருவொற்றியூரில் கடல் கரையைத் தின்கிறது என்று கல் கொட்டுகிறார்கள்; அதே கரையில் வடக்கே போனால், கடல் கொண்டுவந்து போட்ட மணலை இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். இதில் எது உண்மை?

இரண்டும்தான். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு ஏறும். இறங்கும்போது சரிவோடு நேராக இழுத்துவரும். இப்படி அலைக்கு அலை மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் இந்த நகர்வு வடக்கு நோக்கி. மீனவர்கள் தெண்டி என்று சொல்லும் நீரோட்டமும் அந்தப் பக்கம்தான். வடகிழக்குப் பருவத்தில் வன்னி என்னும் எதிர் நீரோட்டம் அதைத் தெற்கே திருப்பும். ஆனால் போனதெல்லாம் திரும்புவதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் சென்னையைக் கடந்து வடக்கே போயாக வேண்டும்.

போக விட்டால்தானே! 1875-இல் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகம் இரண்டு கல் கரங்களைக் கடலுக்குள் நீட்டியது. 1881 புயல் அவற்றை உடைத்தது; மறுபடி கட்டினார்கள். தெற்குக் கரத்தில் மோதி நின்ற மணல்தான் மெரினாவை இன்றைய அகலத்துக்குக் கொண்டுவந்தது. அதே மணல் துறைமுகத்தின் கிழக்கு வாயிலையும் அடைக்கப் பார்த்தது. 1904-இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை மூடி, வடகிழக்கில் புதிதாகத் திறந்தார். கப்பலுக்கு வழி பிறந்தது. துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ராயபுரத்துக்கு மணல் வரவில்லை.

மணல் வராவிட்டாலும் அலை வேலையை நிறுத்தாது; இருக்கும் மணலை வடக்கே தள்ளிக்கொண்டேயிருக்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை சில நூறு மீட்டர் கரை போனது இப்படித்தான். கல் வரிசைக்கு இடையில் மிஞ்சியிருக்கும் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள்: கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடு கோடாக இருக்கும். இல்மனைட், கார்னெட் போன்ற கனமான துகள்கள் அவை. லேசான வெள்ளை மணலை அலை கொண்டுபோன பிறகு எஞ்சிய பாரம்.

இதற்கு அரசு வைத்திருக்கும் மருந்து ‘கடற்கரைப் பாதுகாப்புப் பணி’. பாதுகாக்கப்படுவது பெரும்பாலும் கரையோரச் சாலை. கல் சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடியிலுள்ள மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. படகு ஏற்ற இடமில்லாமல் போகிறது, வலை உலர்த்தவும் இடமில்லை. கடலுக்குள் கல் நீட்டித் தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்கே மணல் சேரும் என்பது உண்மைதான்; தண்ணீர் லாரி வரிசையில் முன்னால் நிற்பவர் பத்துக் குடம் பிடித்தால் கடைசியில் நிற்பவருக்கு என்ன கிடைக்குமோ, அதுதான் வடக்குக் குப்பத்துக்குக் கிடைக்கும். உடனே அங்கிருந்தும் கோரிக்கை எழும்: எங்களுக்கும் ஒரு வளைவு.

பறிபோன மணல் வடக்கே போய் எண்ணூரில் இன்னொரு சுவரில் முட்டுகிறது. 2001-இல் திறந்த காமராஜர் துறைமுகம் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதன் தெற்கு அலைத்தடுப்பில் தேங்கும் மணல் ஆற்று வாயையும் அடைக்கிறது. முன்பெல்லாம் கழிமுகத்தில் ஏறி இறங்கும் ஓதநீரே அதைக் கழுவித் தள்ளிவிடும். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு மழைக்காலம் தவிர ஆற்று நீரும் அதிகமில்லை. தள்ளும் பலம் போய்விட்டது.

தமிழகக் கரையில் 42.7 சதவீதம் அரிக்கப்படுகிறது என்கிறது தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். 1990 முதல் 2018 வரை கரைக்கோடு நகர்ந்த கணக்கு அது. கல் கொட்டிய இடத்தில் கோடு எப்படி நகரும்? ‘நிலையான கரை’ என்று காட்டினால், மணலால் நிற்கிறதா கல்லால் நிற்கிறதா என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நிலநடுக்கத்தின் வேலையா? இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. கரை போகத் தொடங்கியது அதற்கு வெகு காலம் முன்பே.

கடல்மட்ட உயர்வா? நிலைமையை மோசமாக்கும். ஆனால் மெரினாவிலும் அதே கடல்தான் உயர்கிறது.

ஆறுகள் புது மணல் தராதா? மலைப் பாறையைக் கரைத்துக் கொண்டுவருபவை அவைதான். அணையிலும் குவாரியிலும் அதில் ஒரு பகுதி நின்றுவிடுகிறது.

வேறு ஊரில் என்ன செய்கிறார்கள்? விசாகப்பட்டினத்தில், துறைமுகம் தேக்கும் மணலை அள்ளி வடக்கேயுள்ள கடற்கரையில் போடுகிறார்கள்.

எண்ணூரில் அள்ளுவதைத் திருவொற்றியூரில் கொட்டலாமே? கொட்டலாம், சாம்பல் கலந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு. அடுத்த தெண்டியில் அதுவும் எண்ணூருக்கே கிளம்பும் என்பதால் ஆண்டுதோறும் கொட்ட வேண்டியிருக்கும்.