ஒரே பேரேடு, பல பார்வைகள்

நூறு கிளைகள் கொண்ட வங்கியின் கணக்குகள் அனைத்தும் ஒரே தரவுத்தள அட்டவணையில் இருக்கக்கூடும். ஒரு கிளையின் எழுத்தருக்கோ அக்கிளையின் வரிகள் மட்டுமே தெரிய வேண்டும். இந்த வடிகட்டலைச் செய்ய வேண்டியது செயலியா, தரவுத்தளமா?

செயலியிடம் விட்டால், ஒவ்வொரு வினவலிலும் கிளை எண்ணைச் சேர்த்தாக வேண்டும். ஓரிடத்தில் விடுபட்டாலும் எல்லாக் கிளைகளின் கணக்கும் வெளிப்பட்டுவிடும். விதியைத் தரவுத்தளத்திலேயே பதித்துவிட்டால் அந்த மறதிக்கு இடமில்லை. கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல், 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் இவ்வசதியைத் தந்தது. வரிநிலைப் பாதுகாப்பை இயக்கிவிட்டு விதி எதையும் எழுதாவிட்டால், சாதாரணப் பயனருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. முதலில் பூட்டு, பிறகு சாவி என்ற இந்த ஏற்பாடு சரியானதே.

ஆனால், அட்டவணையின் உரிமையாளரை இவ்விதிகள் இயல்பாகக் கட்டுப்படுத்துவதில்லை. அதற்குத் தனியே ஆணையிட வேண்டும். செயலி அந்த உரிமையாளர் பெயரிலேயே உள்ளே நுழையுமானால், விதிகள் ஏட்டளவில்தான் இருக்கும். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்வதைப் போன்றது இது. மேலும், விதிகள் பலவாக இருந்தால், இயல்புநிலையில் ஏதேனும் ஒன்று அனுமதித்தாலே போதும். கட்டுப்பாட்டை இறுக்குவதாக எண்ணி இரண்டாம் விதியை எழுதுபவர், உண்மையில் அதைத் தளர்த்திவிடுகிறார்!

இன்னொரு கசிவு நுட்பமானது. ஒரே மதிப்பு இருமுறை பதிவாகாமல் தடுக்கும் கட்டுப்பாடு, இவ்விதிகளுக்கு உட்படாது. எழுத்தர் ஒரு பான் எண்ணைப் பதியும்போது 'ஏற்கெனவே உள்ளது' என மறுக்கப்பட்டால், அந்த வாடிக்கையாளர் வேறொரு கிளையில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். கிளை எண்ணையும் பான் எண்ணையும் இணைத்துக் கட்டுப்பாட்டை வரையறுத்தால் கசிவு நிற்கும். ஆனால், ஒருவரே இரு கிளைகளில் புதிய வாடிக்கையாளராகப் பதிவாவதைத் தரவுத்தளம் தடுக்காது. எது வேண்டும் என்பதை மென்பொருள் பொறியாளரிடம் மட்டும் விட்டுவிடாமல், வங்கி நிர்வாகமே தீர்மானிக்க வேண்டும்.